ஓடுகிற மோட்டாருக்குத்தான் பூட்டு

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற டீக்கடையில் அண்ணாச்சியின் காலை ஒரு வரிசைப்படி நடக்கும். முதலில் பக்கத்து மெஸ்ஸில் நாலு இட்லி. பிறகு இங்கே வந்து சர்க்கரை இல்லாத டீ. கிளாஸ் முக்கால்வாசி காலியானதும் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுப்பார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, மிச்ச டீயை ஊற்றி விழுங்குவார். அதோடு காலைச் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

பல மாதம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். முப்பத்தொரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யார் வாயில் என்ன மாத்திரை போகிறது என்று கணக்கெடுக்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. போன வாரம் அவரே கேட்டுவிட்டார்.

"தம்பி, இந்த கேஸ் மாத்திரை இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்கு. நெஞ்சு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. நாப்பதுக்குப் பதிலா எம்பது போட்டுப் பாப்பமா?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். பான்டோப்ரசோல், 40 மில்லிகிராம்.

"எம்புட்டு நாளா போடுதீங்க அண்ணாச்சி?"

"கொரோனாவுக்கு முந்தின வருஷம் முட்டுவலிக்கு ஒரு டாக்டர்ட்ட போனேம்லா, அப்ப எழுதினது."

"அந்த முட்டுவலி மாத்திரை?"

"அது பதினஞ்சு நாள்ல நிறுத்தியாச்சே. இதுமட்டும்தான் ஓடுது."

மழை விட்டும் தூவானம் விடவில்லை. இன்னும் இரண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை இது.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். கேஸ் மாத்திரை என்கிறோம். இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஏப்பமும் வயிற்று உப்புசமும் பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்றாலும், குடலில் குடியிருக்கும் கிருமிகள் சாப்பாட்டைப் புளிக்கவைப்பதாலும் வருகின்றன. மொச்சைக் குழம்பு சாப்பிட்டு வயிறு கல்லாக இருக்கிறவருக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. இது தொடுவது அமிலத்தை மட்டும். அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிப்பது, தொண்டையில் புளித்து எதுக்களிப்பது, இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் இருப்பது ஆகியவைதான் இதன் களம். நம் ஊரில் மேல்வயிற்றில் என்ன நடந்தாலும் 'அல்சர்' என்று சொல்லிவிடுவது வேறு கதை. உள்ளே குழாய் விட்டுப் பார்க்காமல் யாருக்கு அல்சர் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

அமிலம் ஒன்றும் வேண்டாத விருந்தாளியும் இல்லை. இரைப்பை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சாறு சுரக்கிறது. தண்ணீரோடும் சட்னியோடும் உள்ளே போகிற கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் சுடுகாடு. சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தையும் பி12 வைட்டமினையும் பிரித்தெடுத்துக் கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அண்ணாச்சிக்கு முன்னீர்பள்ளம் பக்கம் ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. அதனால் மோட்டாரை வைத்துச் சொன்னேன். இது நான் கட்டிய உவமையும் இல்லை; மருத்துவப் புத்தகங்களிலேயே இந்த மருந்துக் குடும்பத்துக்கு 'பம்ப்பை நிறுத்துகிற மருந்துகள்' என்றுதான் பெயர். ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று 'ப்ரசோல்' வால் உள்ள இவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இரைப்பையின் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணற்ற குட்டி மோட்டார்கள். ராத்திரி முழுக்க வெறும் வயிறாகக் கிடக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை உள்ளே சுருண்டு தூங்கும். நாம் சாப்பிட உட்கார்ந்ததும் தகவல் போய், மோட்டார்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ஓடத் தொடங்கி அமிலத்தை வாரி இறைக்கும். மாத்திரை என்ன செய்கிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாருக்கு மட்டும் பூட்டுப் போடுகிறது. தூங்குகிற மோட்டாரை அதனால் தொட முடியாது.

"சரி, அதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

அதில்தான் எல்லாம் இருக்கிறது. மாத்திரையின் மேல் ஒரு பூச்சு உண்டு. இரைப்பையின் அமிலத்தில் இந்த மருந்தே கெட்டுப்போகும் என்பதால், இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகு கரைகிற மாதிரி அந்தப் பூச்சைப் போட்டிருக்கிறார்கள். குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றிவந்து, இரைப்பைச் செல்லுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. அமிலத்தை அடக்க வந்த மருந்து அமிலம் இருக்கும் பாதையை ஒளிந்து கடந்துவிட்டு, கடைசியில் மோட்டார் ஓடும் இடத்துக் கடும் அமிலத்தில் சிக்கிய பிறகுதான் உருமாறிப் பூட்டாகிறது. எனக்கு மருந்தியலில் மிகப் பிடித்த குறும்பு இது. ஆனால் ரத்தத்தில் அது இருக்கிற காலம் கொஞ்சம்தான்; ஒன்று இரண்டு மணி நேரத்தில் பாதி காலி. அந்தச் சின்ன அவகாசத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வது. நீங்கள் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரமும், மருந்து செல்லுக்குள் நுழையும் நேரமும் ஒத்துப்போகும். இட்லி முடித்து, டீயும் குடித்துவிட்டுப் போட்டால், வயிற்றில் இருக்கும் சாப்பாடு மாத்திரையைக் குடலுக்குப் போக விடாமல் தாமதப்படுத்தும். அது போய்ச் சேர்ந்து கரைவதற்குள் மோட்டார்கள் வேலை முடிந்து படுக்கப் போயிருக்கும். ஆளில்லாத வீட்டுக்குத் தபால்காரர் வந்து திரும்பின மாதிரி.

மாத்திரைக் கவரில் 'சா.மு.' என்று எழுதிக் கொடுத்துக் கொடுத்து என் விரல் தேய்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் என்பதன் சுருக்கம் அது. ஆனால் ஏன் முன் என்று ஜன்னலில் நின்று சொல்ல நேரம் கிடைத்ததில்லை. பின்னால் வரிசை நிற்கும். காரணம் தெரியாத உத்தரவை மனுஷன் தன் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்வான். அதில் அண்ணாச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூச்சைச் சொன்னேன் இல்லையா, அதனாலேயே இந்த மாத்திரையை உடைக்கவோ, கடிக்கவோ, பொடித்துத் தேனில் குழைக்கவோ கூடாது. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கென்று வேறு வடிவங்கள் இருக்கின்றன. அதேபோல், எரியும்போது ஒன்று போட்டுக்கொண்டு உடனே அடங்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். முதல் நாள் எல்லா மோட்டாருக்கும் பூட்டு விழாது. தினமும் ஒரு பங்கு பூட்டி, முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். உடனடி எரிச்சலுக்கு ஜெல் மருந்து. அது ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கும், வந்த வேகத்தில் போய்விடும். இரண்டும் வேறு வேறு வேலைக்காரர்கள்.

"அப்ப எம்பது?"

"அண்ணாச்சி, நாப்பதே இதுவரைக்கும் ஒழுங்கா வேலை பாக்கலியே. முதல்ல நேரத்தை மாத்திப் பாப்போம். அளவைக் கூட்டுறது டாக்டர் வேலை."

இந்த மருந்தைத் திட்டுவதற்காக நான் டீ வாங்கித் தரவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். என் அப்பா காலத்தில் வயிற்றுப்புண் என்றால் கத்திதான். அமிலத்தைக் குறைக்க நரம்பை வெட்டுவார்கள், இரைப்பையிலேயே ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். 1976-ல் இங்கிலாந்தில் சிமெடிடின் வந்தது. அதன் பின்னால் இருந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கொடுத்தார்கள். சிமெடிடினுக்குப் பிறகு 1981-ல் வந்தது ரானிடிடின். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்த வலி மாத்திரை கொடுத்தாலும் கூடவே ஒரு ரானிடிடினும் கவருக்குள் விழும். 2019-ல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் எனக் கருதப்படும் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் 2022-ல் அதன் பெயர் போனது.

'ப்ரசோல்' குடும்பத்தின் மூத்த பிள்ளை ஓமெப்ரசோல், 1988-ல் சுவீடனில் இருந்து வந்தது. அதன் பெயரில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. முதலில் அமெரிக்காவில் லோசெக் என்ற பெயரில் விற்றார்கள். அங்கே லாசிக்ஸ் என்று ஒரு நீர் மாத்திரை உண்டு, நம் ஊரிலும் உண்டு. டாக்டர்களின் கையெழுத்தில் லோசெக்கும் லாசிக்ஸும் ஒன்றாகத் தெரிந்து, ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டார்கள். 1990-ல் பெயரையே பிரிலோசெக் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மைப் பெயரைப் படிக்கச் சொல்லி நான் உயிரை வாங்குவது அதனால்தான். முன்பக்கத்துப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அல்சர் விஷயத்தில் இன்னொரு பெரிய திருப்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது. பாரி மார்ஷலும் ராபின் வாரனும், வயிற்றுப்புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையிலேயே அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிருமியால் வந்த புண்ணை அமில மாத்திரை ஆற்றும், ஆனால் கிருமியைக் கொல்லாது. நிறுத்தினால் திரும்ப வரும். அந்தக் கிருமி இருக்கிறதா என்று மூச்சிலோ மலத்திலோ சோதிக்கலாம். சோதனைக்கு முந்திய இரண்டு வாரம் இந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்து, பொதுவாகப் பதினான்கு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்துவிடலாம். வருஷக்கணக்கில் அட்டை அட்டையாக வாங்க வேண்டியதில்லை.

வருஷக்கணக்கு என்றதும் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "இது எத்தனை நாள் போடணும்னு யாருமே சொல்லலியே?"

அதுதான் இந்த மாத்திரையின் உண்மையான கோளாறு. மாத்திரைக்குள் இருப்பதல்ல, சீட்டில் எழுதாமல் விட்டது. தொடங்கும் தேதி இருக்கும், முடியும் தேதி இருக்காது. சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக நாலு வாரம், இரைப்பைப் புண்ணுக்கும் எதுக்களிப்புக்கும் எட்டு வாரம் வரை என்பதுதான் வழக்கம். வலி மாத்திரைக்குத் துணையாகக் கொடுத்தது என்றால், பெரும்பாலானவர்களுக்கு வலி மாத்திரை நிற்கும் அன்று இதுவும் நிற்க வேண்டும். சீட்டே இல்லாமல் ஓமெப்ரசோலைக் கடையில் விற்கும் அமெரிக்காவில்கூட, பெட்டியின் மேல் பதினாலு நாள் என்று கெடு போட்டிருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நாலு மாதத்துக்குள் இரண்டாம் முறை கூடாது. நம் ஊரில் அட்டையில் 'டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது' என்று அச்சடித்திருக்கும். மெடிக்கலில் போய் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்றால் மறுபேச்சில்லாமல் வரும்.

அண்ணாச்சி உற்சாகமாகிவிட்டார். "அப்ப நாளையிலருந்து நிறுத்திருதேன்."

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அமிலம் குறைந்து கிடப்பதைப் பார்த்த உடம்பு, சும்மா இருக்காது. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி, அமிலச் செல்களைப் பெருக்கி வைத்துக்கொள்ளும். பூட்டுப் போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் புது மோட்டாரை இறக்கி வைக்கிற மாதிரி. ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து ஓடும். முன்பு இருந்ததைவிட எரிச்சல் கூடும். "பாத்தியா, மாத்திரை இல்லாம நம்மால முடியாது" என்று மறுபடியும் அட்டை. டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்துச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து, பிறகு அவர்களுக்கே தெரியாமல் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த நாலு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சலோ எதுக்களிப்போ வந்தது. முழுக்க வெறும் மாத்திரையே சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். ஆரோக்கியமான ஆளுக்கு மருந்து கொடுத்து, நிறுத்தி, நோயாளி ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே படியிறங்கி வர வேண்டும். நாற்பதை இருபதாக்கி, சில வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தேவைப்பட்டால் மட்டும். இடையில் எரிந்தால் ஜெல் மருந்து. டாக்டர்கள் இப்படித்தான் இறக்குவார்கள். அந்தச் சில வார எரிச்சல் பழைய நோய் திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

எல்லோரும் இறங்க வேண்டும் என்றும் இல்லை. உணவுக்குழாய் அமிலத்தில் வெந்து மோசமாகப் புண்ணானவர்கள், பேரட் என்ற மாற்றம் உணவுக்குழாயில் வந்தவர்கள், முன்பு புண்ணில் ரத்தம் கசிந்து இப்போது இதயத்துக்காக ஆஸ்பிரின் தொடர வேண்டியவர்கள், இப்படிச் சிலருக்கு இது வருஷக்கணக்கில் தேவை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்தினால் ரத்த வாந்தியில் போய் முடியலாம். அண்ணாச்சியின் தம்பிக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவர் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், கூடவே பான்டோப்ரசோல். அது காரணத்தோடு கொடுத்தது. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் கல்லீரலில் க்ளோபிடோக்ரெலை வேலைக்குத் தயாராக்கும் என்சைமுக்குக் குறுக்கே நிற்கும். பான்டோப்ரசோலுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. "எல்லாம் ஒண்ணுதான், இந்தக் கம்பெனி வச்சுக்கோங்க" என்று மெடிக்கலில் மாற்றிக் கொடுத்தால், ஸ்டென்ட் வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

நீண்ட நாள் போட்டால் என்ன ஆகும்? வாட்ஸாப்பில் இதைப் பற்றி வராத பீதி இல்லை. கிட்னி போகும், எலும்பு நொறுங்கும், மறதி வரும். எச்சரிக்கைகள் பொய்யில்லை: எலும்பு முறிவு பற்றி 2010-ல், மக்னீசியம் குறைவது பற்றி 2011-ல், ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கு பற்றி 2012-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சிறுநீரகத்தில் ஒவ்வாமை போல அழற்சி வருவது அபூர்வம், ஆனால் உண்டு. மறுபக்கமும் சொல்ல வேண்டும். இதய, ரத்தக்குழாய் நோயாளிகள் 17,598 பேரைப் பிரித்து, பான்டோப்ரசோலும் வெறும் மாத்திரையுமாகக் கொடுத்து ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்த ஆய்வு 2019-ல் வந்தது. எலும்பு முறிவிலும் நாள்பட்ட சிறுநீரக நோயிலும் மறதி நோயிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூடியது குடல் தொற்று மட்டும்: 1.0 சதவீதம் இருந்த இடத்தில் 1.4. மூன்று வருஷக் கணக்கு பத்து வருஷத்துக்குப் பேசாதுதான். ஆனாலும் என் கணக்கு இது: தேவை இருப்பவர் பயப்பட வேண்டாம், தேவை இல்லாதவர் சின்ன ஆபத்தைக்கூட ஏன் சும்மா சுமக்க வேண்டும்?

அண்ணாச்சி விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்தப் பெரிய பெயர்கள் எதுவும் இல்லை. பி12. அவர் சுத்த சைவம். பி12 இயற்கையிலேயே மாமிசத்திலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அதுவும் நாளாவட்டத்தில் பி12-ஐக் குறைக்கும். மூன்றாவதாக, சாப்பாட்டிலிருந்து அதைப் பிரித்துத் தரும் அமிலத்துக்கும் பூட்டு. மூன்று ஓட்டையும் ஒரே குடத்தில்.

"கால் மரத்துப்போகுதா அண்ணாச்சி?"

"ராத்திரி எறும்பு ஊருற மாதிரி இருக்கும். சுகரால வருதுன்னு நெனச்சேன்."

சர்க்கரையாகவும் இருக்கலாம், பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் இந்த மாத்திரை எடுப்பவர்கள் பி12-ஐயும், நீர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அடிக்கடி கெண்டைக்கால் பிடிப்பு, நடுக்கம், படபடப்பு இருந்தால் கட்டாயம்.

எங்கள் வீட்டு அம்மாவுக்குத் தைராய்டு. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையா, இதுவா, எதை முதலில் என்று ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலேயே பட்டிமன்றம். தைராய்டுதான் முதல், எழுந்ததும் தண்ணீரோடு. ஆனால் நேரத்தைத் தள்ளி வைப்பதால் மட்டும் இங்கே தீராது. இரைப்பையில் அமிலம் குறைந்து கிடப்பதே தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும். இந்த மாத்திரையைத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ சில வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதே கதை. அதையும் டீயோடு விழுங்குகிறவர்கள் உண்டு. டீயும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான்.

அப்புறம் அந்த 'டி'. பல அட்டைகளில் பெயருக்குப் பின்னால் ஒரு 'டி' ஒட்டியிருக்கும். அது டோம்பெரிடோன், வாந்திக்கான மருந்து. அமிலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும் என்றும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. இங்கே 'டி' போட்டதுதான் பவர் என்று கேட்டு வாங்குகிறார்கள். சில ஆன்டிபயாடிக், படை மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். டாக்டர் 'டி' எழுதியிருந்தால் ஏன், எத்தனை நாள் என்று கேளுங்கள். எழுதாவிட்டால் நீங்களாக ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. ஒன்றை மட்டும் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். இந்த ஊரில் மாரடைப்புக்குப் பாதிநேரம் 'வாயு' என்றுதான் முதல் பெயர் வைக்கிறார்கள். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் கேஸ் மாத்திரையும் சோடாவும் இஞ்சிச் சாறும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மேல்வயிற்றில் ஒரு சங்கடம், களைப்பு என்று மட்டும்கூட வரலாம். வெறும் எதுக்களிப்பாக இருந்து ஆம்புலன்ஸ் வீணாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி, தார் போல் கறுத்த மலம், ரத்தசோகை, இவை இருந்தால் மாத்திரையால் மூடி மறைக்காமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

ராத்திரி பத்தரைக்குக் கடையை அடைத்து, பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டு, பதினொன்றேகாலுக்குப் படுக்கிற மகனைப் பற்றி அண்ணாச்சி கேட்டார். சைவக் குடும்பத்தில் சால்னாவா என்று நான் கேட்கவில்லை. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்து ஓர் அரை அடி உயர்த்துவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, தொப்பையைக் குறைப்பது, பீடி சிகரெட்டை விடுவது. அந்தப் பையனுக்கு இவை போதும் என்று நினைக்கிறேன். தலையணையை அடுக்குவது மட்டும் பிரயோஜனமில்லை, கழுத்துதான் மடங்கும்.

அண்ணாச்சி கிளம்பும்முன் சட்டைப் பையிலிருந்த எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னேன். பான்டோப்ரசோல், மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை, மகள் கொடுத்த கால்சியம். கடைசியாக, மடித்த பேப்பருக்குள் இரண்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை.

"நிறுத்தியாச்சுன்னீங்க?"

"எப்பவாச்சும்தான் தம்பி. மூட்டை தூக்குற அன்னைக்கு."

நெஞ்செரிச்சலுக்கு ஒரு காரணம் அந்தப் பேப்பருக்குள்ளேயே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, அதைக் கவரோடு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். 'எப்பவாச்சும்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா, எந்தத் தேதியோடு முடிக்கலாம் என்ற இரண்டு கேள்வியையும் கவரின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.

"டாக்டரு திங்கக்கெழமதான் வருவாரு. அதுவரைக்கும் இதைப் போடணுமா, வேண்டாமா?"

"போடுங்க. திடீர்னு நிறுத்த வேண்டாம். ஆனா இட்லிக்கு அரை மணி முன்னால, தண்ணியில."

"எட்டு மணிக்கு இட்லி. அப்ப ஏழரை." யோசித்தார். "ஏழரைக்கு நான் கடையில சாமி கும்பிட்டுக்கிட்டு இருப்பேனே."

"கும்பிட்ட கையோட போட்டுக்கோங்க அண்ணாச்சி."